மகளிர் தினம்: செய்கூலி, சேதாரம் நீங்கலாக

மகளிர் தினம் என்பது ஆண்டுதோறும் மார்ச் 8 அன்று துணிக்கடைகளும் நகைக்கடைகளும் அழகு நிலையங்களும் கொண்டாடும் பண்டிகை. பெண்களும் இதில் கலந்துகொள்வதுண்டு. பொங்கல் வியாபாரம் ஓய்ந்து, அட்சய திருதியைக்கு இன்னும் நாள் இருக்கும் மந்தமான பருவத்தில் வருவதால் வணிகர்கள் மத்தியில் இதற்குத் தனி மரியாதை உண்டு. ஒரு வாரம் முன்பிருந்தே கைப்பேசியில் வாழ்த்துகள் வந்து விழத் தொடங்கும். அனுப்புவது உற்றார் உறவினர் இல்லை. எப்போதோ ஒரு சுடிதார் எடுத்தபோது, பில் போடுமிடத்தில் "நம்பர் சொல்லுங்க மேடம்" என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்ட கடை.

விழாவுக்குரிய பொருள்களில் முதலிடம் சேலைக்கு. அடுத்து குக்கர், மிக்ஸி, ஒட்டாத தோசைக்கல். பெண்ணை அடுப்படியிலிருந்து மீட்க வேண்டும் என்று மேடையில் முழங்கும் நாளில், அடுப்படிக்கு வேண்டிய அத்தனையும் தள்ளுபடியில் கிடைப்பது இந்தப் பண்டிகையின் சிறப்பு. பெண்களுக்கு நேரும் சேதாரங்களைப் பற்றிப் பேச ஒதுக்கிய நாளில் நகைக்கடைகள் "சேதாரம் கிடையாது" என்று விளம்பரம் தருகின்றன. "செய்கூலியில் பாதி தள்ளுபடி" என்றும் போடுவார்கள். கூலியில் பாதியைக் குறைப்பது பெண்கள் விஷயத்தில் நெடுநாள் வழக்கம் என்பதால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்தப் பண்டிகையின் தல புராணத்தில் கடையே வராது, தொழிற்சாலைதான் வரும். அமெரிக்க சோஷலிஸ்ட் கட்சி 1909 பிப்ரவரி 28 அன்று நாடு தழுவிய மகளிர் தினம் ஒன்றைக் கடைப்பிடித்தது. அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில், மேல்சட்டை தைக்கும் பட்டறைகளின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்யலாமா என்று முடிவெடுக்கக் கூடினார்கள். பெரும்பாலும் பிழைக்க வந்த யூத, இத்தாலியப் பெண்கள். மேடையில் இருந்த தலைவர்கள் இரண்டு மணி நேரம் நிதானத்தின் அருமையை விளக்கினார்கள். பொறுக்க மாட்டாமல் கிளாரா லெம்லிக் என்ற 23 வயதுத் தையல்காரப் பெண் மேடையேறி, பேச்சு போதும், வேலைநிறுத்தம் செய்வோம் என்று யூதர்களின் இத்திஷ் மொழியில் நாலு வரியில் முடித்தார். மறுநாளிலிருந்து ஏறத்தாழ 20,000 பேர் தெருவில் இறங்கினார்கள். பெண்கள் கூட்டத்தில் ஆண்கள் நெடுநேரம் பேசும் மரபு மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை வழுவாமல் தொடர்கிறது.

1910-இல் கோபன்ஹேகனில் 17 நாடுகளிலிருந்து சுமார் 100 பெண்கள் கூடிய சோஷலிஸ்ட் மகளிர் மாநாட்டில், பன்னாட்டு மகளிர் தினம் வேண்டும் என்று ஜெர்மனியின் கிளாரா ஜெட்கின் முன்மொழிந்தார். 1911 மார்ச் 19 அன்று ஆஸ்திரியா, டென்மார்க், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைக் கடைப்பிடித்தார்கள். ஆறே நாள் கழித்து, மார்ச் 25 அன்று, நியூயார்க்கின் டிரையாங்கிள் மேல்சட்டைத் தொழிற்சாலை தீப்பிடித்தது. 146 பேர் மாண்டார்கள்; பெரும்பாலோர் இளம்பெண்கள். ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகிறவர்கள் துணியைத் திருடிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று எல்லோரையும் ஒரே வழியாக அனுப்பிக் கைப்பையைச் சோதிப்பது அங்கே வழக்கம். இந்த இடத்தில் சிரிக்க ஒன்றுமில்லை.

மார்ச் 8 என்ற தேதி ரஷ்யாவிலிருந்து வந்தது. 1917-இல் அந்த நாளில் பெட்ரோகிராடின் நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். ஒரு வாரத்தில் ஜார் மன்னர் முடி துறந்தார். ஐக்கிய நாடுகள் சபை 1975-இல் இந்த நாளைக் கொண்டாடத் தொடங்கியது. 1977-இல் எல்லா நாடுகளையும் கொண்டாடச் சொன்னது. ஆக, துணி தைத்தவர்களும் நெய்தவர்களும் தொடங்கி வைத்த நாள், துணி எடுப்பவர்களின் நாளாகக் கனிந்திருக்கிறது.

அடுத்து நிறம். இன்றைய விழாவின் நிறம் இளஞ்சிவப்பு: பலூன், கேக், பேனர், மைக் பிடிப்பவரின் சட்டை எல்லாம் அதே. பழைய நிறம் ஊதா. இங்கிலாந்தில் வாக்குரிமைக்குப் போராடிய பெண்கள் 1908-இல் ஊதா, வெள்ளை, பச்சை ஆகிய மூன்றையும் தங்கள் வண்ணங்களாக வைத்துக்கொண்டார்கள். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பெண்கள் கடை கண்ணிக்குப் பகைவர்கள் அல்லர். சொந்தமாகவே கடைகள் நடத்தி அந்த வண்ணங்களில் நாடாவும் பதக்கமும் தேநீர்க் கோப்பையும் விற்றுப் போராட்ட நிதி சேர்த்தார்கள். லண்டனின் பெரிய கடைகளும் அந்த வண்ணங்களில் சரக்கு இறக்கி லாபம் பார்த்தன. 1912 மார்ச்சில் அதே பெண்கள் கைக்கு அடக்கமான சுத்தியலோடு போய் லண்டன் கடைவீதியின் கண்ணாடிகளை வரிசையாக நொறுக்கினார்கள். வாடிக்கையாளருக்கும் வணிகருக்கும் இடையிலான உறவு அதற்குப் பிறகு அவ்வளவு நேர்மையாக இருந்ததில்லை.

இத்தாலியில் இந்த நாளின் பூ மைமோசா. 1946-இல் அந்நாட்டு மகளிர் அமைப்பில் பூவைத் தேர்ந்தெடுத்த தெரேசா மத்தேயி முதலானோர், விலை கூடிய பூக்களைத் தள்ளிவிட்டு, மார்ச் மாதத்தில் வேலியோரம் பூத்துக் குலுங்கும் மஞ்சள் பூவைப் பிடித்தார்கள். ஏழை வீட்டுப் பெண்ணுக்கும் எட்ட வேண்டும் என்பது கணக்கு. இன்று அதையும் செலோபேன் காகிதத்தில் சுற்றி விற்கிறார்கள்.

பண்டிகை கையை விட்டுப் போவதை ஒருவர் எதிர்த்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அன்னையர் தினம் உதாரணம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த ஆன் ஜார்விஸ், பெற்ற பிள்ளைகளில் நால்வரை மட்டுமே வளர்த்து ஆளாக்க முடிந்தவர். மற்றவை நோயில் போயின. அந்த அனுபவத்தில் அவர் 1850-களில் ஊர் ஊராகத் தாய்மார் சங்கங்கள் அமைத்தார். பாலைச் சோதிப்பது, சுகாதாரம் சொல்லிக்கொடுப்பது, காசநோய்க்காரி வீட்டுக்கு வேலைக்கு ஆள் அமர்த்துவது ஆகியவை சங்கங்களின் வேலை. உள்நாட்டுப் போர் வந்தபோது இரு தரப்புச் சிப்பாய்களுக்கும் மருந்து போட்டார்கள். அவர் மறைந்த பின் மகள் அன்னா ஜார்விஸ், தாயாரின் நினைவாக ஒரு நாள் வேண்டும் என்று கிளம்பினார். 1908 மே 10 அன்று கிராப்டன் ஊர் தேவாலயத்தில் நடந்த முதல் வழிபாட்டுக்கு 500 வெள்ளைக் கார்னேஷன் பூக்களை அனுப்பி வைத்தார். 1914-இல் அதிபர் வில்சன் மே மாத இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை அன்னையர் தினமாக அறிவித்தார்.

பூ வியாபாரிகளுக்கு மனம் குளிர்ந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் கார்னேஷன் விலை ஏறியது. வெள்ளைப் பூ போதாமல், தாய் உயிரோடிருந்தால் சிவப்பு என்று ஒரு சாஸ்திரமும் பிறந்தது. வாழ்த்து அட்டைக்காரர்களும் மிட்டாய்க்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். அன்னா ஜார்விஸுக்கு அச்சடித்த வாழ்த்து அட்டையைக் கண்டாலே ஆகாது. பெற்றவளுக்குச் சொந்தக் கையால் நாலு வரி எழுத வணங்காதவர்கள்தான் அதை வாங்குவார்கள் என்பது அவர் கட்சி. வழக்குப் போடுவேன் என்று மிரட்டினார், போடவும் செய்தார். ஒரு பெரிய கடையின் உணவகத்தில் "அன்னையர் தின சாலட்" என்று பட்டியலில் கண்டு, அதை வரவழைத்து, தரையில் கவிழ்த்துவிட்டு, காசை வைத்துவிட்டுப் போனார் என்பார்கள். 1925-இல் பூ விற்று நிதி திரட்டிய தாய்மார் மாநாட்டில் புகுந்து கலாட்டா செய்ததற்காகக் கைதானார். கடைசிக் காலத்தில், தான் தொடங்கிய நாளை ரத்து செய்யச் சொல்லித் தானே கையெழுத்து வேட்டைக்குக் கிளம்பினார். கையிருப்பெல்லாம் கரைந்து 1948-இல் ஒரு காப்பகத்தில் இறந்தார். அவருக்குத் திருமணமும் இல்லை, குழந்தையும் இல்லை. ஆகவே எந்த ஆண்டும் அவருக்கு வாழ்த்து அட்டை வர நியாயமில்லை.

மகள் தோற்ற இடம் எது என்று பார்த்தால், தாயிடம் சங்கம் இருந்தது, மகளிடம் தேதி மட்டும் இருந்தது. தேதியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பட்டாவும் கிடையாது, காவல்காரரும் கிடையாது.

தமிழ்நாட்டு அலுவலகங்களில் அந்தத் தேதி கொண்டாடப்படும் முறைக்கு எழுதப்படாத ஆகமம் உண்டு. காலையில் வாசலில் ரோஜாவும் சாக்லேட்டும் தரப்படும். பெண்கள் சேலையில் வர வேண்டும். ஆண்கள் எப்போதும்போல் வரலாம். பிற்பகலில் கோலப் போட்டி, அடுப்பில்லாச் சமையல், எலுமிச்சை ஸ்பூன், மியூசிக்கல் சேர். வீட்டில் செய்ததை அலுவலகத்திலும் செய்து காட்டினால் பரிசு என்பது இவற்றின் தத்துவம். மாலை நாலு மணிக்குச் சிறப்பு விருந்தினர் வருவார், அநேகமாக ஆண். பெண்ணைப் பூமிக்கும் நதிக்கும் சக்திக்கும் ஒப்பிட்டு, தன் வெற்றிக்குத் தாயும் மனைவியுமே காரணம் என்று சொல்லிக் கண் கலங்குவார். அவர் முடிக்கும்போது ஆறரை ஆகியிருக்கும். வழக்கமான பேருந்தை விட்டவர்கள், குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்தவர்கள் எல்லோரும் கைதட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்ப்பார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டது. விழாக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. பலூனுக்கே நேரம் சரியாக இருக்கிறது.

10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க ஒரு குழு வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். குழு உறுப்பினர் பெயர்கள் கண்ணில் படும்படி ஒட்டப்பட வேண்டும். பல இடங்களில் அந்தத் தாள் தண்ணீர் கேனுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. விழாக் குழு உறுப்பினர் பெயர்களோ ஆளுயர பேனரில். விழா முடிந்து ரோஜா இதழ்களைக் கூட்டி அள்ளுகிற அக்காக்களுக்குப் பரிசுப் பை கிடையாது. அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், நம் கணக்கில் வரும் மகளிர் அல்லர் என்று மனிதவளப் பிரிவு விளக்கம் தரும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுப் பொருளே வேண்டாம், அன்பு போதும் என்று துறவறம் பேசுவதும் சரியல்ல. தமிழ்ப் பெண்களின் உறவு முறையில் பொருளுக்கு இடம் உண்டு. அதற்குச் சாட்சி ரவிக்கை பிட். நவராத்திரி, வளைகாப்பு, நோன்பு என்று எதற்குப் போனாலும் வெற்றிலை, பாக்கு, மஞ்சளோடு ஒரு ரவிக்கைத் துணி தட்டில் வரும். எண்பது சென்டி என்று பெயர். அளந்தால் எழுபது தேறும். கத்தரிக்காய் நிறத்துக்கும் காவிக்கும் நடுவே, எந்தச் சேலைக்கும் பொருந்தாத ஒரு நிறம் இதற்கென்றே நெய்யப்படுகிறது. இதை யாரும் தைத்துக்கொண்டதாக வரலாறு இல்லை. பீரோவின் கீழ்த்தட்டில் சில காலம் ஓய்வெடுத்துவிட்டு அடுத்த வீட்டுத் தட்டுக்குப் போகும். மாம்பலத்தில் கொடுத்த துணி மயிலாப்பூர், நங்கநல்லூர் சுற்றி நாலாம் வருஷம் கொடுத்தவர் கைக்கே திரும்பும், அவரும் "அழகா இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்பார்.

பொருளாதார அறிஞர்கள் இதை வீண் என்பார்கள். ஆனால் துணி தேயத் தேய அல்ல, நடக்க நடக்கப் பயன்பட்டிருக்கிறது. ஒரு வீட்டுப் படியேற அது நுழைவுச்சீட்டு. உள்ளே போனதும் சுண்டலோடு சேர்ந்து எந்தப் பெண்ணுக்குக் கரு கலைந்தது, எவள் மாமியார் கையை ஓங்கினாள், எவளுக்கு மறுபடி வேலைக்குப் போக ஆசை என்ற சங்கதிகள் பரிமாறப்படும். ஊர் வம்பு என்று ஆண்கள் ஒதுக்கிய இந்தப் பேச்சுக்குள்ளே ஒரு தகவல் வலை இருந்தது. குறையும் இருந்தது: கணவனை இழந்தவளுக்குத் தட்டு கிடையாது, கூப்பிடும் வீடுகளின் சாதி எல்லையும் எல்லோருக்கும் தெரியும். அதைத் திருத்துவதற்குப் பதிலாக இந்தக் காலம் துணியை மாற்றிவிட்டது. பிளாஸ்டிக் டப்பா, சில்வர் கிண்ணம், வெல்வெட் சுருக்குப் பை என்று ரிட்டர்ன் கிஃப்ட் மொத்த வியாபாரமாக வளர்ந்தது. இப்போது சில வீடுகளில் அதைக் கூரியரில் அனுப்பிவிடுகிறார்கள். சுண்டல் கூரியரில் போகாது, பேச்சும் போகாது.

மதப் பண்டிகைக்கு வெளியே, சாதி வேலியைத் தாண்டிப் பெண்கள் கூடியதற்கும் தமிழகத்தில் நல்ல உதாரணங்கள் உண்டு. 1978-இல் ஜெயா அருணாசலம் சென்னையில் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பு, பூ, காய்கறி, இட்லி விற்ற பெண்களைத் திரட்டிக் கந்து வட்டிக்காரரிடமிருந்து விடுவித்துச் சிறு கடன் பெற்றுத் தந்தது. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. பிறகு மாநிலமெங்கும் பரவின. குழுக் கூட்டத்தில் ரோஜா கிடையாது. பாயை விரித்து, சேமிப்பை எண்ணி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, யாருக்கு இந்த மாதம் கடன் என்று சண்டை போட்டு முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். அந்தச் சண்டையில்தான் ஒருவர் வீட்டு நிலவரம் இன்னொருவருக்குத் தெரிந்தது. சாராயக் கடையை மூடச் சொல்லிப் போன பெண்களில் பலர் அந்தப் பாயிலிருந்து எழுந்து போனவர்கள்.

சந்தை அந்தப் பாயையும் விடவில்லை. 2001 வாக்கில் அன்றைய ஆந்திரத்தின் நல்கொண்டாவில் இந்துஸ்தான் லீவர் நிறுவனம், குழுப் பெண்களைக் கொண்டே வீடு வீடாகச் சோப்பும் ஷாம்பூவும் விற்கும் திட்டத்தைத் தொடங்கி, அதற்குச் "சக்தி" என்று பெயர் வைத்தது. அதைவிடப் பெரிய வினை நுண்கடன் நிறுவனங்கள் வடிவில் வந்தது. பத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்பதை அவை ஜாமீன் என்று மொழிபெயர்த்துக்கொண்டன. ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரை அவள் வாசலில் உட்கார வைப்பது வசூல் முறையானது. ஆந்திரத்தில் தற்கொலைகள் நடந்து, 2010-இல் அரசு அவசரச் சட்டம் போட வேண்டி வந்தது. நட்பை இவ்வளவு துல்லியமாக வட்டிக் கணக்கில் சேர்த்தவர்கள் முன்பு இருந்ததில்லை.

கடைக்கே திரும்பினால், அங்கே சேலையை விரித்துக் காட்டுகிற பெண்ணைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. மகளிர் தினத் தள்ளுபடியால் அன்று அவருக்கு வேலை இரட்டிப்பு. கூட்டம் குறையும் நேரத்திலும் உட்கார முடியாது. உட்கார்ந்தால் சோம்பேறி, பேசினால் அரட்டை. கால் நரம்பு சுருண்டு வீங்குவதும், கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டியிருப்பதால் தண்ணீரே குடிக்காமல் இருப்பதும் இந்தத் தொழிலின் உபரி வருமானம். இந்த உலகத்தை வசந்தபாலன் 2010-இல் "அங்காடித் தெரு" படத்தில் காட்டினார். படம் பார்த்து அழுதவர்கள் அடுத்த தீபாவளிக்கும் அதில் வரும் அதே ரங்கநாதன் தெருவுக்குத்தான் போனார்கள்.

கேரளத்தில் கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரப் பெண் "பெண்கூட்டு" என்ற அமைப்பைத் தொடங்கினார். முதல் கோரிக்கை கழிப்பறை. அடுத்தது நாற்காலி. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2018-இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, விற்பனைப் பணியாளர்கள் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் தன் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலையின் நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள எல்லாப் பணியாளருக்கும், ஆண் பெண் பேதமின்றி, இருக்கை வசதி செய்ய வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. மனிதன் நிமிர்ந்து நடக்கத் தொடங்கிப் பல லட்சம் ஆண்டுகள் கழித்து, உட்காருவதற்குச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. சட்டம் வந்தும் சில கடைகளில் விற்பனைப் பெண்களுக்குக் கிடைக்கும் ஒரே நாற்காலி மார்ச் 8 மியூசிக்கல் சேர் போட்டியில் போடுவதுதான். பாட்டு நின்றால் அதிலும் ஒன்றை எடுத்துவிடுவார்கள்.

கடைக்குப் பின்னால் ஆலை இருக்கிறது. திண்டுக்கல் பகுதி ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த தலித் இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அதன் பிறகு, பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடி, 2022-இல் ஆலை நிர்வாகத்தோடும் எச் அண்ட் எம் முதலான பன்னாட்டு நிறுவனங்களோடும் திண்டுக்கல் ஒப்பந்தம் எனப்படும் உடன்படிக்கையைச் செய்துகொண்டது. ஆலைத் தளத்திலேயே தொழிலாளர்களிலிருந்து கண்காணிப்பாளர்களைப் பயிற்றுவித்து, பாலியல் தொல்லை நடந்தால் அஞ்சாமல் சொல்லவும் சொன்னவர் வேலை பறிபோகாமல் இருக்கவும் அது வழி செய்தது. சட்டையில் தொங்கும் விலைச்சீட்டில் இந்த விவரம் இருக்காது.

மார்ச் 8 அன்று சேலை எடுப்பது குற்றமில்லை. நல்ல சேலையாக இருந்தால் கட்டாயம் எடுக்கலாம். எடுக்கும்போது, காட்டுகிறவருக்கு உட்கார இடம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்க்கவும். இல்லையென்றால் கல்லாவில் இருப்பவரிடம், "இந்தப் பொண்ணுக்கு ஒரு ஸ்டூல் போடுங்க சார், சட்டமே இருக்கு" என்று சொல்லவும். அதையே பணியாளர் சொன்னால் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். பணம் கட்ட நிற்பவர் சொன்னால் காது கேட்கும். அலுவலக விழாக் குழுவில் இருப்பவர்கள் தண்ணீர் கேனை ஓர் அடி நகர்த்தி வைக்கலாம். அவசரத்துக்கு, மகளிர் உதவி எண் 181. இரவு பகலாக இயங்குகிறது, மார்ச் 9-ஆம் தேதியும்.